அப்பா பாடிய நாலு வரி

பிப்ரவரி 4

அன்புள்ள அக்கா,

போன் செய்யாமல் கடிதம் எழுதுகிறாளே என்று முகத்தைச் சுளிக்காதே. போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நம் இருவரில் ஒருத்தி வைத்துவிடுவோம். கடிதத்தைத் தூக்கி எறிந்தாலும் மறுபடி எடுத்துப் படிக்கலாம்.

செக்கர் மாமா எழுதியிருந்தார். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆகிறதாம். வலது கை விழுந்துவிட்டதாம், பேச்சும் போய்விட்டதாம். மூன்று மாதம், அக்கா! அப்பாவோடு பஸ் டிப்போவில் டிக்கெட் பரிசோதகராக இருந்த மனிதர் சொல்லி, பெற்ற மகள் நான் தெரிந்துகொள்கிறேன். அவருக்கு என் விலாசம் கிடைக்கிறது. உனக்குக் கிடைக்கவில்லையா?

நான் இங்கே அதே ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில்தான் இருக்கிறேன். காலை ஷிப்ட். ஒரு நாளைக்கு ஆயிரம் விரிப்பு என் கையால் மடிந்து போகிறது. சனி, ஞாயிறில் யாராவது கூப்பிட்டால் கிடாரைத் தூக்கிக்கொண்டு போகிறேன். பெரிய மேடையெல்லாம் இல்லை. சின்னச் சின்ன சபைகள், யாரோ ஒருவர் வீட்டு ஹால், ஒரு தடவை லாரி ஷெட். நாற்பது பேர் வந்தால் கூட்டம் என்று அர்த்தம்.

அப்பா மேல் எனக்கு வருத்தம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நான் எழுதிய பாட்டைப் பாட எழுந்தபோது அவர் ஆர்கன் மூடியைச் சாத்திவிட்டு, "இன்னிக்கு அந்தப் பாட்டு வேண்டாம். உட்காரு" என்றார். முன்னூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் உட்காரவில்லை, வெளியே நடந்தேன். அப்படியே நடந்துகொண்டிருக்கிறேன். அதற்காக, அவர் விழுந்தால்கூட எனக்குச் சொல்லக் கூடாதா?

ஒரு சொல்லாவது பேசுகிறாரா? பாடுகிறாரா? என்னைப் பற்றி ஏதாவது?

உன் தங்கை


பிப்ரவரி 15

தங்கைக்கு,

கேட்டதற்கு வரிசையாகப் பதில் எழுதுகிறேன்.

ஏன் சொல்லவில்லை என்றால், நேரம் இல்லை. காலையில் அவரை எழுப்பி, துடைத்து, உடை மாற்றி, மசித்த சாப்பாட்டை ஊட்டி, கீழ்வீட்டு அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு ஒன்பதரைக்குக் கண்ணாடிக் கடையில் நிற்க வேண்டும். மாலை ஆறு மணிக்குத் திரும்பி வந்து மறுபடி முதலிலிருந்து. இடையில் உட்கார்ந்து உனக்குக் கடிதம் எழுத எனக்கு மூன்றாவது கை முளைக்கவில்லை.

பேச்சைப் பொறுத்தவரை ஒரே ஒரு சொல் மிஞ்சியிருக்கிறது: "அப்புறம்". பசித்தாலும் அப்புறம், முதுகு வலித்தாலும் அப்புறம். போன வாரம் போதகர் வந்து உருக்கமாக ஜெபம் செய்து முடித்தார். எல்லாரும் ஆமென் என்றோம். அப்பா "அப்புறம்?" என்றார். போதகருக்கு மறுபடி ஆரம்பிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

பாட்டு: இல்லை.

உன்னைப் பற்றி: இல்லை.

உன் நாற்பது பேரைப் பற்றி எழுதியிருந்தாய். தன்னடக்கம் நன்றாக இருக்கிறது. இங்கே கண் பவர் பார்க்க வருகிறவர்கள் "நீங்க அந்தப் பாட்டுக்காரியோட அக்காதானே?" என்றுதான் நாற்காலியில் உட்காருகிறார்கள். நேற்று ஒரு கிரேன் ஓட்டுநர். கோவில் பக்கமே போகாதவராம். எழுத்துப் பலகையின் கடைசி வரிசையைப் படிக்கச் சொன்னால், உன் பாட்டைப் பற்றிப் பேசுகிறார். "மத்த பாட்டெல்லாம் என்னைக் கையைப் புடிச்சு உள்ள இழுக்குதுங்க. இது பக்கத்துல ஒரு நாற்காலி போட்டுட்டு அது பாட்டுக்கு இருக்கு. நானே போய் உட்கார்ந்துட்டேன்" என்றார். நான் லென்ஸை மாற்றி, "இப்போ தெளிவா இருக்கா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

நீ வர வேண்டாம். வந்தால் இருவரைக் கவனிக்க வேண்டியிருக்கும்.

அக்கா


பிப்ரவரி 26

அன்புள்ள அக்கா,

"அப்புறம்" படித்துவிட்டு விரிப்புக் குவியல் மேல் விழுந்து சிரித்தேன். பிறகு அழுதேன். சூப்பர்வைசர் எனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று தண்ணீர் கொண்டுவந்தாள்.

ஒன்று சொல்ல வேண்டும், சிரிக்காதே. இங்கே நாலாவது வார்டில் ஒரு மனிதர் இருந்தார், அப்பாவைப் போலவே. சொந்த மனைவியின் பெயர்கூட வாயில் வராது. ஒரு நாள் நான் விரிப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது பக்கத்துக் கட்டில் குழந்தைக்கு யாரோ பிறந்தநாள் பாட்டுப் பாட, இவர் முழுப் பாட்டையும் சேர்ந்து பாடினார். வார்டே அப்படியே நின்றது. நர்ஸ் சொன்னாள், பேச்சு இருக்கிற இடம் வேறு, பாட்டு இருக்கிற இடம் வேறாம். பேச்சு வீடு இடிந்தாலும் பாட்டு வீடு நிற்குமாம். அந்த வழியாகவே கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சையும் கூட்டிவந்துவிடலாமாம்.

அப்பாவுக்கும் பாடிப் பார், அக்கா. நாற்பது வருஷம் ஆர்கன் வாசித்த ஆள். உள்ளே எவ்வளவு இருக்கும்! இதோடு ஒரு பென்டிரைவ் வைத்திருக்கிறேன். அவருக்குப் பிடித்த பதினொரு ஞானப்பாட்டு, அவர் விரும்புகிற மாதிரி, எங்கும் இழுக்காமல் பாடியிருக்கிறேன். என் பாட்டு ஒன்றுகூட இல்லை. அவருக்குப் பிடிக்காது, தெரியும்.

இன்னொன்று. உன் கடிதத்தில் "பாட்டு: இல்லை" என்ற வரியில் மட்டும் பேனா தாள் கிழிகிற மாதிரி அழுந்தியிருக்கிறது. ஏன்?

ஏப்ரலில் எனக்கு மூன்று வாரம் விடுப்பு இருக்கிறது. வரட்டுமா?

தங்கை


மார்ச் 10

தங்கைக்கு,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. இதைக் கிழிக்க மாட்டேன்.

நான் பொய் சொன்னேன். அப்பா பாடுகிறார்.

ஜனவரியிலிருந்து பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருகிறாள். சின்னப் பெண், பெரிய பை. உன் நர்ஸ் சொன்னதையேதான் அவளும் சொன்னாள். "அவருக்கு ரொம்பப் பழக்கமான பாட்டா பாடுங்க" என்றாள். பாடினேன். உனக்குத் தெரியும், என் குரலைக் குறை சொல்ல யாராலும் முடியாது. இருபத்தைந்து வருஷம் பாடற்குழுவில் முன்வரிசை. அவருக்குப் பிடித்த ஒன்பது ஞானப்பாட்டை வரிசையாகப் பாடினேன். அவர் ஜன்னல் கம்பியை எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் பையை மூடிக்கொண்டே தன்பாட்டுக்கு ஏதோ முணுமுணுத்தாள். அப்பா வாயைத் திறந்தார்.

"எல்லாரும் போயாச்சு, விளக்கும் பாதி அணைஞ்சாச்சு,
எச்சில் கோப்பை நாப்பது, என் கையில ஒரு ஈரத்துணி.
நீங்க இன்னும் போகலையா? நின்னுக்கிட்டா இருக்கீங்க?
நின்னதுதான் நின்னீங்க ஆண்டவரே, துடைச்சாவது குடுங்க."

ஒரு எழுத்து பிசகவில்லை. "அணைஞ்சாச்சு" என்று நாக்கைச் சுழற்றிச் சொல்கிறார், தண்ணீர் என்று கேட்கத் தெரியாத மனிதர். அந்தப் பெண் கைதட்டிக் குதித்தாள். நான் கையில் சாப்பாட்டுக் கரண்டியோடு நின்றேன். அவர் முகத்தைத் துடைத்தவள் நான், உடைந்த பேச்சைப் பொறுக்கிக்கொண்டிருந்தவள் நான். அவர் வாய் திறந்தது உன் பாட்டுக்கு.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "அவர் களைச்சுட்டார், இன்னிக்குப் போதும்" என்று அவளை அனுப்பினேன். அடுத்த வாரம் அவள் மறுபடி அதையே ஆரம்பித்தாள். "அந்தப் பாட்டு வேண்டாம், வேற ஏதாவது பாடுங்க" என்றேன். "ஏங்க, பேச்சு வர்ற வழியே அதுதானே?" என்றாள். "எங்க வீட்ல அது வழக்கமில்லை" என்றேன். ஏழு வாரம் அப்படியே ஓட்டினேன். ஏழு வாரத்தில் எவ்வளவு பேச்சு வந்திருக்குமோ, அவ்வளவையும் நான் அடைத்து வைத்தேன்.

அவருக்கு உன் பாட்டு எப்படி மனப்பாடம் என்ற கேள்வி என்னைக் குடைந்தது. போன ஞாயிறு செக்கர் மாமா வந்தபோது கேட்டுவிட்டேன். அவர் கொஞ்சம் நெளிந்தார். "டிப்போல டைம் ஆபீஸ்ல உட்கார்ந்து டெய்லி கேட்பாரும்மா. ஷிப்ட் முடிஞ்சதும் காதுல மாட்டிக்குவாரு. நான்தான் போன்ல ஏத்திக் குடுத்தேன்."

"வீட்ல ஒரு நாள்கூடக் கேட்டதில்லையே, மாமா?"

"வீட்ல வேண்டாம்பாரு. 'பெரியவ மனசு நோகும்'பாரு."

மனசு நோகுமாம். என் மனசு அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இப்போது மிச்சத்தையும் எழுதுகிறேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் உன் பாட்டை நிறுத்தியது அப்பா இல்லை. அந்தப் புதன்கிழமை ஒத்திகையில் நீ முதல் நாலு வரி பாடினாய். நான் பாடி முடித்தால் எல்லாரும் "அருமை" என்பார்கள். நீ பாடும்போதோ, கோவில் வாட்ச்மேன் துடைப்பத்தைப் பிடித்தபடி வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தார். எனக்கு யாரும் துடைப்பத்தோடு நின்று அழுததில்லை. மீதியைக் கேட்காமல் வெளியே வந்தேன். சனிக்கிழமை போதகர் வீட்டுக்குப் போய், "ஆண்டவரை எச்சில் கோப்பை துடைக்கச் சொல்றா, சபையில இது அடுக்குமா?" என்றேன். அவர் அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார், யார் சொன்னது என்பதையும் சேர்த்து. அப்பா வீட்டுக்கு வந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான். மறுநாள் தானே ஆர்கன் மூடியைச் சாத்தினார். உன் கோபத்தைப் பன்னிரண்டு வருஷம் அவரே வாங்கிக்கொண்டார், என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

இனி நீ என்ன வேண்டுமானாலும் எழுதலாம்.

அக்கா


மார்ச் 19

அக்கா,

என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்று அனுமதி வேறு.

பன்னிரண்டு வருஷம் ஒரு மனிதரிடம் பேசாமல் இருந்தேன். அவர் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் போன் செய்வார். நான் எடுக்க மாட்டேன். மணி அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே நிற்பேன், அதில் எனக்கு ஒரு திருப்தி. இப்போது அந்தப் பன்னிரண்டு மணியும் என் காதில் அடிக்கிறது. இனி எடுத்தாலும் "அப்புறம்" என்பதைத் தவிர அவரால் எதுவும் சொல்ல முடியாது. இதை எனக்குச் செய்தவள் நீ.

முதல் நாலு வரியோடு வெளியே போனாயே, மூன்றாவது சரணத்தை இப்போது படி:

"முன்வரிசையில பாடினவ முந்தானையைச் செருகிட்டு,
வாட்ச்சைக் கழட்டி வெச்சுட்டா, வாளி நிறைய நுரை.
ஆஹான்னு சொன்னவங்க பஸ் ஏறிப் போயிட்டாங்க,
அவ பாட்டை இன்னும் கேட்கறது நீங்க ஒருத்தர்தானே."

எழுதும்போது எனக்கு இருபத்து மூன்று வயது. ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகு நீ ஒருத்தி பின்னால் நின்று டீக் கோப்பை கழுவுவாய். கழுவிக்கொண்டே பாடுவாய், சபையில் பாடுகிறதைவிட நன்றாக. நான் கதவோரம் நின்று கேட்டிருக்கிறேன். உன் குரல் எனக்கு வரவில்லையே என்று எத்தனை நாள் வெந்திருக்கிறேன் தெரியுமா? அந்த வேக்காட்டில் வந்த பாட்டு அது. உனக்கு எழுதியது. உன் முன்னால் பாட ஆசைப்பட்டது.

இதற்கு மேல் எழுத முடியவில்லை.


ஏப்ரல் 2

சின்னவளே,

மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், அதிலும் நீயே பெரிய மனுஷி ஆகிவிடுவாய்.

அந்தச் சரணத்தைப் படித்தேன். கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸ் தேய்க்கிற மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது. சத்தத்தில் நான் அழுதது யாருக்கும் கேட்கவில்லை. அழுது முடித்ததும் கோபம்தான் வந்தது. என்னைப் பற்றி எழுத உனக்குக் கை வந்தது. கழுவ எனக்குக் கை வந்தது. கதவோரம் நின்று பார்த்தாயே, அந்த நாற்பதில் ஒரு கோப்பையையாவது நீ துடைத்தாயா? ஆண்டவரைக் கூப்பிட்டுத் துடைக்கச் சொன்னாய்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பேச்சுப் பயிற்சிப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இப்போது தினமும் உன் பாட்டுதான் நடக்கிறது. நான் அடுக்களையில் நின்று கேட்கிறேன். பற்றிக்கொண்டுதான் வருகிறது. ஆனால் கதவைச் சாத்துவதில்லை.

கடையில் புது மெஷின் வாங்குகிறார்கள். அதைப் பழக என்னை வேறு ஊருக்கு இரண்டு வாரம் அனுப்புகிறார் முதலாளி. 12ஆம் தேதி கிளம்புகிறேன். இந்த ஐந்து மாதத்தில் இரண்டு தடவை முடியாது என்று சொன்னேன். இந்தத் தடவை சரி என்றுவிட்டேன். நீ வா. உன் ஊர் ரயில் பதினொரு மணிக்கு வரும். என் பஸ் ஒன்பதுக்கு. நடுவில் செக்கர் மாமா இருப்பார். நாம் சந்திக்காமல் இருப்பதே இப்போதைக்கு நல்லது, வாசலிலேயே ஆரம்பித்துவிடுவோம்.

கவனி. காபியை ஆற்றிக் கொடு, சூட்டை அவரால் சொல்ல முடியாது. வலது கையை எப்போதும் தலையணை மேல் வை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்று. அவர் உன்னைப் பார்த்ததும் அழுவார். என்னைப் பார்த்து ஒரு நாளும் அழுததில்லை. அதைப் பார்த்துவிட்டு நீ எனக்கு எழுத வேண்டாம், முன்கூட்டியே தெரியும்.

விடுதி விலாசம் பின்பக்கம்.

அக்கா


ஏப்ரல் 17

அன்புள்ள அக்கா,

எழுத வேண்டாம் என்றாய், எழுதுகிறேன். ஆமாம், அழுதார். என் தலையில் இடது கையை வைத்துக்கொண்டு எடுக்கவே இல்லை. நானும் பன்னிரண்டு வருஷத்துக்குச் சேர்த்து அழுதேன். செக்கர் மாமா, "காபி ஆறுது" என்று சொல்லிக்கொண்டே அவரும் அழுதார். முதல் இரண்டு நாள் எனக்கு ராஜபோகம். நான் பாட அவர் பாட, கீழ்வீட்டு அம்மா மாடிக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். பயிற்சிப் பெண் அதே மெட்டில் "தண்ணி கொஞ்சம் குடுங்க" என்று போட்டுக் கொடுத்தாள். நேற்று மெட்டோடு கேட்டார். கேட்டுவிட்டுத் தானே மிரண்டு போனார்.

ஆனால் உன் வேலை எனக்கு வரவில்லை. ஆயிரம் விரிப்பு மடிக்கிறவள் நான். ஆள் படுத்திருக்கிற விரிப்பை மாற்ற நாற்பது நிமிடம் ஆகிறது. பக்கம் மாற்றினால் வலியில் முகம் கோணுகிறது. நீ எங்கே பிடித்துத் திருப்புவாய்? அதை எழுதவில்லையே.

சொல்ல வந்தது இது. தினமும் ஆறு மணிக்கு, நீ கடையிலிருந்து திரும்புகிற நேரத்துக்கு, அவர் சக்கர நாற்காலியை ஒற்றைக் கையால் இழுத்து இழுத்து வாசல் பக்கம் திருப்பிக்கொள்கிறார். படியில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் கழுத்தை நீட்டுகிறார். கீழ்வீட்டு அம்மா வந்தால், பால்காரர் வந்தால், முகம் அப்படியே விழுகிறது. "நான் இருக்கேனேப்பா" என்று கிடாரை எடுத்தேன். அந்தப் பாட்டையே பாடினேன், அவருடைய பாட்டை. அவர் கம்பிகளின் மேல் கையை வைத்து அமுக்கிவிட்டார். படிச் சத்தம் கேட்காமல் போகிறதாம். எட்டு மணி வரை அப்படியே. ஐந்து நாளாக.

உன் மேல் இன்னும் கோபம் இருக்கிறது, சீக்கிரம் போகாது. ஆனால் நேற்று ஆறு மணிக்குக் கிடாரைப் பிடித்தபடி அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அப்போது எனக்கு வந்தது கோபம் இல்லை. பொறாமை. வயிறு எரிகிற பொறாமை. ஒரு பாட்டு எழுதி இப்படி ஒரு ஆளை வாசலில் உட்கார வைக்க முடியாது, அக்கா.

தங்கை


ஏப்ரல் 21

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நாலாவது தடவை கடைசிப் பத்தியை மட்டும். அறையில் என்னோடு தங்கியிருக்கிற பெண், "வீட்ல ஏதாவது நல்ல சேதியா?" என்று கேட்டாள். "எங்க தங்கச்சிக்கு வயித்தெரிச்சல்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

இடுப்பைப் பிடித்துத் திருப்பக் கூடாது. இடது முழங்காலை முதலில் மடக்கு, பிறகு தோளுக்கு அடியில் உள்ளங்கை. திருப்புவதற்கு முன் அவர் காதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பயப்படுவார். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. உனக்குச் சும்மா தருகிறேன்.

பயிற்சி வெள்ளிக்கிழமை முடிகிறது. உடனே பஸ் இருக்கிறது. நான் திங்கட்கிழமைதான் வருவேன். இங்கே ஒரு ஏரி இருக்கிறதாம், படகு விடுகிறார்களாம். இன்னும் மூன்று நாள் அவர் வாசலைப் பார்க்கட்டும். நீ அவர் முதுகைப் பார்.

திங்கள் ஆறு மணிக்குப் படியேறுவேன். நீ அதற்கு முன்னால் மூட்டை கட்டிவிடாதே. உன் விடுப்பு மூன்று வாரம் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அக்கா